கரையிலிருந்து வெட்டிய புல்

ஆவாரங்குளத்துப் புல்வெளியைக் காட்டுப்பன்றிகள் மூன்றே நாளில் கிளறிப் போட்டுவிட்டுப் போயின. கோரைக்கிழங்கு தேடி வந்த கூட்டம் அது. தின்றது கொஞ்சம், புரட்டியது ஏராளம். பாய் விரித்தாற்போல இருந்த அருகம்புல் வேர் மேலேயும் தழை கீழேயுமாகக் குப்புறக் கிடந்தது. ஒரே நாள் வெயிலில் அத்தனையும் சருகு.

அந்தப் புல்வெளி புள்ளிமான்களுடையது. அவர்களின் தலைவன் கிளைக்கொம்பன், பன்றிகள் கிளறிய மண்ணின் நடுவில் நின்றுகொண்டு, காலைத் தூக்கி வைக்க இடம் தெரியாமல் தவித்தான்.

"ஒன்பதாம் நாள் சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க! எதைக் காட்டுவேன்? இந்தப் புழுதியையா?"

மான்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுப்பதற்கு முன்னால் பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டுப் புல்லைப் பார்ப்பார்கள். பார்த்துப் பிடித்திருந்தால்தான் பேச்சு முடியும். வீடு என்று மான்களுக்கு வேறு என்ன இருக்கிறது? புல்தான் வீடு. கிளைக்கொம்பன் தன் மகனுக்கு மேட்டுக்காட்டில் பெண் பேசியிருந்தான். மேட்டுக்காட்டு மான்கள் வசதியானவர்கள். அதைவிட, வாய் உள்ளவர்கள்.

இதையெல்லாம் குளக்கரையிலிருந்து ஒரு பெருச்சாளி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் தவிட்டி.

ஆவாரங்குளம் எந்தக் காலத்திலோ மனிதர்கள் வெட்டி, மண்கரை போட்டு, பிறகு மறந்துவிட்டுப் போன குளம். கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர். இந்தப் பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே புல்வெளி. அந்தக் கரையின் வயிற்றுக்குள்தான் தவிட்டியின் வளை இருந்தது. கண் திறந்து பத்து நாளான நாலு பிள்ளைகள் அவளுக்கு. கரைமேல் வளர்ந்த புல்லின் வேர் வளைக்குள் இறங்கித் தொங்கும். வெள்ளை வெள்ளையாய், நூல் நூலாய். பிள்ளைகள் அதைப் பிடித்து ஊஞ்சல் ஆடுவார்கள். அந்த வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது தவிட்டிக்குத் தெரியும். கரைக்குள் குடியிருக்கிறவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

தண்ணீர் குடிக்க வரும் மான்கள் அவளைக் கண்டால் மூக்கைச் சுளிக்கும். "பெருச்சாளி நாத்தம்! அந்தப் பக்கமாப் போவோம்" என்று ஒதுங்கும். தவிட்டி அது காதில் விழாதவளைப்போல மண்ணைத் தள்ளிக்கொண்டிருப்பாள். ஆனால் ஒவ்வொரு முறையும் அது காதில் விழத்தான் செய்யும்.

புல்வெளியில் கூட்டம் கூடிவிட்டது. புதரிலிருந்து கௌதாரி எட்டிப் பார்த்தாள். யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அவளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

"அண்ணாச்சி, எறும்புப் புத்துல புல்லு விதை மலையாக் கிடக்கு. கேட்டாத் தருவாங்க. பன்றி கிளறின மண்ணு இளகித்தான இருக்கு? இப்பவே தூவிட்டா, வர்ற மழைக்குப் பொசுக்குனு முளைச்சிரும்!"

"எத்தனை நாளாகும்?"

"முளைக்கப் பத்து நாள். வேர் பிடிக்க ஒரு மாசம். அதுவரைக்கும் ஒரு குளம்புகூட உள்ள படக் கூடாது."

கிளைக்கொம்பன் கொம்பை ஆட்டிச் சிரித்தான். "ஒரு மாசம்! சம்பந்தி வந்து நிக்கும்போது, 'ஐயா, மண்ணுக்குள்ள வீடு இருக்கு, பொறுத்து வந்து பாருங்க'ன்னு சொல்லவா?"

"உள்ளதைச் சொன்னா என்ன? பன்றி கிளறிருச்சுன்னு சொல்லுங்க. அவங்க ஊர்ல பன்றி இல்லியா?"

"உனக்கென்ன! தூவுற விதையில பாதியை நீ பொறுக்கித் தின்னலாம்னு பார்க்கிறே!"

மான்கள் எல்லாம் சிரித்தன. கௌதாரிக்குச் சுருக்கென்றது. புதருக்குள் போய்விட்டாள். ஆனால் போகிற வழியில் புற்றோரம் நின்று, ஒரு வாய் விதையை எடுத்து, கிளறிய மண்ணின் ஓர் ஓரத்தில் துப்பிவிட்டுப் போனாள். கோபத்தில் செய்த காரியம்தான்.

அன்று சாயங்காலம், தவிட்டியின் வளை வாசலில் ஒரு நிழல் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். கிளைக்கொம்பன் நின்றுகொண்டிருந்தான்! மூக்கைச் சுளிக்கவில்லை. தலையைத் தாழ்த்தி நின்றான்.

"தவிட்டியம்மா, நல்லா இருக்கீங்களா? பிள்ளைங்க சௌக்கியமா?"

அம்மா! அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"ஐயா... நீங்க இங்க... வாங்க, வாங்க. உக்கார இடம்கூட..."

"இருக்கட்டும். உங்ககிட்ட ஒரு உதவி. இந்தக் காட்டுல மண்ணை அறுக்கிற பல்லு உங்களுக்குத்தான் இருக்கு. புல்லை மண்ணோட சேர்த்துப் பத்தை பத்தையா வெட்டிக் கொடுங்க. நாங்க கொண்டுபோய்ப் புல்வெளியில பதிச்சுக்கிறோம். ஒன்பது நாள்ல பச்சைப் பசேல்னு ஆயிரும்!"

"வெட்டலாம் ஐயா. ஆனா இந்த வெயில்ல பச்சைப் புல்லு எங்க இருக்கு?"

கிளைக்கொம்பன் கரையை நிமிர்ந்து பார்த்தான். குளத்து ஈரத்தில் கரை முழுக்கப் புல் செழித்துக் கிடந்தது.

தவிட்டி வளை வாசலை மறைத்து நின்றாள். "ஐயா, கரைப் புல்லு... அதுதான் மண்ணைப் பிடிச்சிட்டு இருக்கு. உள்ள என் வளையும் இருக்கு."

"முழுசுமா கேட்டேன்? அங்கொண்ணு இங்கொண்ணு. உங்க வீட்டுப் பக்கமே வர வேண்டாம்." கிளைக்கொம்பன் இன்னும் கொஞ்சம் குனிந்தான். "கல்யாணம் முடிவானா, புல்வெளி ஓரத்துல உங்களுக்கு ஒரு இடம். பிள்ளைங்களும் எங்க பிள்ளைங்களோட விளையாடட்டும். சம்பந்தி வர்ற அன்னிக்கு நீங்க முன்னால நிக்கணும். 'இவங்கதான் எங்க தவிட்டியம்மா'ன்னு நானே சொல்லுவேன்!"

வளைக்குள் நாலு பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். தவிட்டி ஒரு கணம்தான் யோசித்தாள்.

"ஒரு வார்த்தை ஐயா. பத்தை பதிச்ச உடனே மேய விடக் கூடாது. வேர் இறங்கப் பதினஞ்சு நாளாவது ஆகும்."

"மேய யார் விடுறா? பார்க்கத்தானே வர்றாங்க!"

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. கரையின் வடக்குக் கோடியில், தன் வளைக்கு எட்டாத தூரத்தில், தவிட்டி முதல் பத்தையை வெட்டினாள். முதலில் நாலு பக்கமும் பல்லால் கீறுவாள். பிறகு அடியில் நுழைந்து, மண் நாலு விரல் கனம் இருக்கும்படி வேரை அறுத்துக்கொண்டே போவாள். பத்தை முழுசாகக் கழன்று வரும். மான்கள் அதைக் கொம்பில் மாட்டிக்கொண்டு இறங்கும். சேறு வழிந்து முகமெல்லாம் அப்பியிருக்கும்.

"மாப்பிள்ளை, உன் தலையில புல்லு முளைச்சிருச்சு!" என்று ஒருத்தன் கேலி செய்வான்.

"பொண்ணு வீட்டுக்காரங்க உன் மூஞ்சியைப் பார்க்கிறதுக்கு இதைப் பார்க்கிறது மேல்!" என்பான் இன்னொருத்தன்.

தவிட்டியும் சேர்ந்து சிரிப்பாள். அவளைப் பார்த்து யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. "தவிட்டியம்மா, இங்க ஒண்ணு!" "தவிட்டியம்மா, கொஞ்சம் பெரிசா!" என்று நாலாப் பக்கமும் கூப்பிட்டார்கள். பல்லின் ஈறு வலித்தது. அந்த வலிகூட அவளுக்கு இனித்தது.

ஆனால் பத்தை போதவில்லை. பன்றி கிளறிய இடம் பார்வைக்குச் சின்னது, மூடப் பார்த்தால் பெரியது. மூன்றாம் நாள் வடக்குக் கோடி மொட்டையானது. ஐந்தாம் நாள் தெற்குப் பக்கம். ஆறாம் நாள் மலையில் மழை இறங்கியது. ஓடையில் செம்மண் தண்ணீர் வந்து குளத்தில் சேர்ந்தது.

ஏழாம் நாள் சின்னவள் குன்னி, வளைக்குள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அம்மா, ஊஞ்சல் பழுப்பாயிருச்சு. பிடிச்சா ஒடிஞ்சு விழுது."

தவிட்டி நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளை வேர்கள் காய்ந்த நாராகத் தொங்கின. மேலே புல்லை வெட்டியிருந்த இடம் வளைக்கு அத்தனை அருகில் வந்துவிட்டிருந்தது.

"இன்னும் ரெண்டு நாள்தான் கண்ணு. அப்புறம் நாம புல்வெளிக்குக் குடி போயிரலாம். அங்க நிஜமான ஊஞ்சல் கட்டித் தரேன்."

எட்டாம் நாள் புல்வெளியின் நடுவில் மட்டும் ஒரு திட்டு மூடப்படாமல் கிடந்தது. விருந்தாளிகள் வந்து நிற்கப்போவது சரியாக அந்த இடத்தில்தான். கரையில் மிச்சமிருந்த புல்லோ, தவிட்டியின் வளைக்கு நேர் மேலே.

கௌதாரி பறந்து வந்து முன்னால் நின்றாள். "ஏட்டி தவிட்டி! உன் தலைக்கு மேல இருக்கிறதையுமா வெட்டப்போறே? குளத்துல தண்ணி ஏறிட்டே இருக்கு, பார்த்தியா இல்லியா?"

"ஒரு நாள்தான் அக்கா. நாளைக்கு நாங்க அங்க போயிருவோம்."

"யார் சொன்னா?"

"ஐயா சொல்லியிருக்காங்க."

"ஐயா! எட்டு நாளைக்கு முன்னால உன் பேராவது தெரியுமா உன் ஐயாவுக்கு?"

தவிட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்னை யாரும் கூப்பிடலேன்னு உனக்குப் பொறாமை!"

கௌதாரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பறந்து போனாள். தவிட்டி குனிந்து, தன் வீட்டுக் கூரையை நாலு பக்கமும் கீறினாள். பிறகு அடியில் நுழைந்து வேரை அறுத்தாள்.

ஒன்பதாம் நாள் விடிந்தது. மழை சற்று ஓய்ந்திருந்தது. வானம் மட்டும் கருப்பாகத் தொங்கியது. புல்வெளி பச்சைப் பசேல் என்று மின்னியது.

தவிட்டி முகத்தைத் துடைத்து, மீசையை நீவிவிட்டு, கிளைக்கொம்பனிடம் போனாள். "ஐயா, பிள்ளைங்களை இப்பவே கூட்டியாரட்டுமா? வளை ஒரே ஈரமா இருக்கு."

கிளைக்கொம்பனின் மூக்கு லேசாகச் சுருங்கியது. உடனே சரிசெய்துகொண்டான். "விருந்தாளிங்க போகட்டுமே. சேறும் சகதியுமாப் பிள்ளைங்க வந்து நின்னா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

நல்லா இருக்காதுதான் என்று தவிட்டிக்கும் பட்டது. வளைக்குத் திரும்பிப் பிள்ளைகளை உள்ளறையில் உட்கார வைத்தாள்.

"அம்மா, சுவரு வேர்க்குது" என்றாள் குன்னி.

"மழைக்காலத்துல சுவரு வேர்க்கத்தான் செய்யும். கேட்டுக்கோங்க. யாரு கூப்பிட்டாலும் வெளிய வரக் கூடாது. நான் வந்து கூப்பிடுறேன். அப்ப வந்தாப் போதும். என்ன?"

"சரிம்மா!" என்றார்கள் நாலு பேரும்.

நல்ல பிள்ளைகள். சொன்னால் சொன்னபடி கேட்பார்கள்.

உச்சிப்பொழுதில் மேட்டுக்காட்டு மான்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா, சித்தப்பாமார், எல்லோருக்கும் முன்னால் பெண்ணின் அத்தை. கிளைக்கொம்பன் கழுத்தை வளைத்து வரவேற்றான். தவிட்டி ஓரமாக நின்றாள். முன்னால் கூப்பிடுவான் என்று காத்திருந்தாள். அவன் அவள் பக்கமே திரும்பவில்லை.

"பாருங்க சம்பந்தி! கண்ணுக்கு எட்டின வரைக்கும் பச்சை! எங்க தாத்தன் காலத்துப் புல்லு!"

"நல்லாத்தான் இருக்கு" என்றார் பெண்ணின் அப்பா.

அத்தைக்குப் பார்த்தால் போதவில்லை. "நல்லா இருந்தா ஒரு வாய் கடிச்சுப் பார்க்க வேண்டியதுதானே!" என்று குனிந்து, நடுத்திட்டில் ஒரு கவ்வு கவ்வி இழுத்தாள்.

பத்தை முழுசாகக் கழன்று, மண்ணோடு அவள் வாயில் தொங்கியது.

அத்தை அதைத் துப்பினாள். அடியில் பன்றி கிளறிய மண் அப்படியே தெரிந்தது. காலால் அடுத்த பத்தையைத் தள்ளினாள். அதுவும் நகர்ந்தது. அதற்கடுத்ததும்.

"சம்பந்தி, உங்க தாத்தன் காலத்துப் புல்லு போன வாரம்தான் வந்துச்சோ!"

"அது... பன்றி வந்து..."

"பன்றி வந்துச்சுன்னா பன்றி வந்துச்சுன்னு சொல்லணும். எங்க புல்லையும் பன்றி கிளறுது. நாங்க விதை போட்டுட்டுக் காத்துக்கிடக்கோம். பொண்ணைக் கட்டிக் கொடுத்தா, அவளையும் இப்படித்தான் மூடி வெச்சு வாழவைப்பீங்களோ? வாங்கப்பா, போவோம்!"

மேட்டுக்காட்டு மான்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

கிளைக்கொம்பன் நின்ற இடத்தில் நின்றான். அவமானம் இறங்க ஓர் இடம் வேண்டும் அல்லவா? சுற்றிலும் பார்த்தான். தவிட்டி தெரிந்தாள்.

"எல்லாம் இவளால வந்தது! வெட்டத் தெரியாம வெட்டிக் கொடுத்துட்டா! என் மானமே போச்சு!"

"ஐயா, வேர் இறங்கப் பதினஞ்சு நாளாகும்னு நான் அன்னிக்கே..."

"வாயை மூடு! பெருச்சாளியை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். தூரப் போ! நாத்தம் தாங்கல!"

மான்கள் எல்லாம் மூக்கைச் சுளித்தன. எட்டு நாளாகச் சுளிக்காத மூக்குகள்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது. தவிட்டி அழுதுகொண்டே நடந்தாள். நாலடி போனதும் அவள் அழுகை நின்றது. கரையின் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஈர மண் பொத்தென்று சரிகிற சத்தம். பிறந்ததிலிருந்து மண்ணுக்குள் வாழ்ந்தவளுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும்.

ஓடினாள்.

கரை மொட்டையாக நின்றது. மேலே தண்ணீர் விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. வெட்டிய இடமெல்லாம் கரைந்து கரைந்து செம்மண் குழம்பாய் வழிந்தது. வளை வாசலில் கௌதாரி நனைந்தபடி கத்திக்கொண்டிருந்தாள்.

"வாங்கடா வெளிய! கரை போகப்போகுது! வாங்கடா!"

உள்ளேயிருந்து குன்னியின் குரல் வந்தது. "மாட்டோம்! அம்மா வந்து கூப்பிட்டாத்தான் வருவோம்!"

"குன்னீ!" என்று தவிட்டி அலறினாள். "நான்தான்! வாங்க! வாங்க!"

அவள் இன்னும் இருபது அடி தூரத்தில் இருந்தாள். மழையின் இரைச்சலில் அந்தக் குரல் வளைக்குள் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. கௌதாரி மேலே பறந்தாள். கரை வளைக்கு மேல் அப்படியே இடிந்து அமர்ந்தது. அதன் பக்கத்தில் பெரிதாய் ஒரு பிளவு விட்டது. அந்தப் பிளவு வழியே ஆவாரங்குளம் மொத்தமும் எழுந்து வந்தது.

மான்கள் மேட்டில் ஏறிப் பிழைத்துக்கொண்டன. எட்டு நாளாகப் பதித்த பத்தைகள் எல்லாம் சருகுபோல மிதந்து, காட்டுக்கு அப்பால் போய்விட்டன. மறுநாள் காலையில் குளத்தில் குளம்பு நனையக்கூடத் தண்ணீர் இல்லை.

தவிட்டி மூன்று நாள் தோண்டினாள். தோண்டத் தோண்ட, சேறு திரும்பத் திரும்ப வந்து மூடிக்கொண்டது. நாலாம் நாள் அது இறுகிக் கல்லாகிவிட்டது. அவள் முன்பல் இரண்டும் உடைந்தன.

தை பிறப்பதற்கு முன்னாலேயே தண்ணீர் இல்லாமல் மான்கூட்டம் கிளம்பியது. போகும்போது கிளைக்கொம்பன் புல்வெளியைத் திரும்பிப் பார்த்தான். எங்கும் வெறும் வண்டல். மேட்டையொட்டிய ஓர் ஓரத்தில் மட்டும், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, பச்சைப் புல் வேர் பிடித்து நின்றது. கௌதாரி கோபத்தில் துப்பிவிட்டுப் போன விதை. அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

தவிட்டி போகவில்லை. மேட்டு எறும்புப் புற்றிலிருந்து ஒவ்வொரு வாயாக விதை கேட்டு வாங்கி வந்து, இடிந்த கரைமேல் தூவினாள். யாரும் மிதிக்காமல் பக்கத்திலேயே படுத்துக் காவல் காத்தாள்.

கௌதாரி அருகில் வந்து உட்கார்ந்தாள். மெல்லக் கேட்டாள்.

"குளமே போயிருச்சு. இந்தக் கரைக்குப் புல்லு எதுக்குட்டி?"

தவிட்டி மண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உள்ள பிள்ளைங்க இருக்காங்க அக்கா. நான் வந்து கூப்பிடுறேன்னு சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் கூரை வேணும்ல?"

அடுத்தவர் கண்ணுக்கு அழகு காட்ட, தன்னைத் தாங்கும் வேரை அறுத்துக் கொடுப்பவருக்கு, மெச்சிய வாயும் நிலைக்காது, இருந்த கூரையும் மிஞ்சாது.